மோல்ஸ் மலையில் என்னைத் தேடியவர்கள்

பண்ணையை விட்டு நடக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் பன்றிகளின் வானொலி என் காதுக்குள் பாடிக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் வடக்கு யூலாண்டில் பன்றிகள் பதற்றப்படாமல் இருக்கக் கொட்டகைக்குள் நாள் முழுவதும் வானொலி போட்டுவிடுவார்கள். பன்றிகள் அமைதியாகத்தான் இருந்தன. ஆறு வாரத்தில் பதற்றம் எனக்குத்தான் வந்தது. போகிறேன் என்று சொன்னபோது பண்ணைக்காரர் ஜன்னலைப் பார்த்து, "இன்றைக்கா?" என்று கேட்டார். அன்று வியாழக்கிழமை, வெளியே பனிப்புயல். இன்றைக்குத்தான் என்றேன். கைகுலுக்கி, ரை தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டியில் பாதியும் ஒரு பெட்டி ஈரல் பசையும் தந்து வழியனுப்பினார். அந்த ரை ரொட்டியைக் காலில் போட்டால் கால் போகும்.

டென்மார்க்கில் தொலைந்துபோவது கடினம். நிலம் தோசைக்கல் போலக் கிடக்கும். ஒரு ஊரின் தேவாலயக் கோபுரம் மறைவதற்கு முன் அடுத்த ஊரின் கோபுரம் தெரியும். அன்று இரண்டுமே தெரியவில்லை. வீதி எது, வயல் எது என்று பிரித்தறிய வீதியோரம் நட்டிருந்த சிவப்புக் குச்சிகள் மட்டும் இருந்தன. ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு அடுத்த குச்சி கண்ணில் படும்வரை நிற்பேன், பிறகு நடப்பேன். ஆறு கிலோமீற்றருக்கு மூன்று மணி நேரம் எடுத்தது.

பேருந்து வந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம். அது நின்றுபோனது ஆச்சரியமில்லை. ஒரு வேலி வரிசைக்குப் பின்னால் வீதி வளைகிற இடத்தில் பனி ஆளுயரம் குவிந்திருந்தது. பனி விழுகிற இடம் வேறு, சேர்கிற இடம் வேறு. வயலில் விழுந்ததைக் காற்று வாரிக்கொண்டு வந்து வேலியின் மறைவில் கொட்டியிருந்தது. சாரதி இயந்திரத்தை நிறுத்தி, "நிற்கிறோம்" என்று அறிவித்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பேருந்தாக இருந்தால் இதற்குள் மூன்று பேர் சாரதிக்கு வழி சொல்லியிருப்பார்கள், ஒருவர் இறங்கி நடந்திருப்பார், இன்னொருவர் அவரைத் திரும்பிவரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். இங்கே முன்னால் இருந்த வயதான அம்மா கைப்பையைத் திறந்து எல்லோருக்கும் கறுப்பு மிட்டாய் நீட்டினார். வாயில் போட்டேன். டயரை உப்பில் ஊறவைத்தது போல இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு உழவு இயந்திரம் வந்து இழுத்தது. இறங்கும்போது அந்த அம்மா இன்னொன்று தந்தார்.

ஓகூஸ் நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வீடு மரியதாசன் அண்ணையுடையது. யாழ்ப்பாணத்தில், குருநகரில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி வளர்ந்தவர். துறைமுகத்துக் களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். அவர் மனைவி றீற்றா அக்கா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஒரே மகள் மெலனிக்கு இருபத்து மூன்று வயது, இயன்மருத்துவம் படிக்கிறாள். வழியில் ஒரு இரவைக் கழித்து, வெள்ளிக்கிழமை பகல் அவர்கள் கதவைத் தட்டினேன். றீற்றா அக்கா திறந்தார், ஒரு அடி பின்னால் போனார்.

"பண்டி மணக்குது. முதல்ல குளி, பிறகு சுகம் விசாரிக்கிறன்."

குளித்துவிட்டு வந்தபோது மேசையில் குழல் புட்டும் சூடை மீன் சொதியும் இருந்தன. தவக்கால வெள்ளி என்பதால் இறைச்சி இல்லை. ஆறு வாரம் பன்றி பார்த்தவனுக்கு அது பெரிய ஆறுதல். இரண்டாவது குழலில் கை வைக்கும்போதுதான் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் என்னோடு மட்டும் கதைக்கிறார்கள் என்பது உறைத்தது.

விஷயம் இதுதான். ஈஸ்டர் விடுமுறைக்கு மெலனி நான்கு நண்பர்களோடு வட நோர்வேக்குப் போகப் போகிறாள். கடலோரத்து மலைகளில் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு ஏறி, மறுபடி சறுக்கி இறங்குவது. மேலே ஏற்றிவிட இழுவை வண்டி கிடையாது, காவல் கிடையாது, பாதையும் கிடையாது. றீற்றா அக்காவுக்குப் பெரிய வெள்ளியன்று பிள்ளை குடிசையொன்றில் இருப்பது பிடிக்கவில்லை. மரியதாசன் அண்ணைக்கு எது பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை.

"தம்பி சூசை, நீ நோர்வேயில மலையில இருந்தனீ. இவளுக்கு நீ சொல்லு," என்றார்.

"நான் கோப்பை கழுவினனான் அண்ணை."

"மலையிலதானே கழுவினனீ."

அதை மறுக்க முடியாது. இரண்டு குளிர்காலம் வடக்கில், கடலுக்கு நேரே மேலே நிற்கும் மலைகளின் அடிவாரத்து விடுதியொன்றில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்துக் கதவில்தான் தினமும் காலையில் பனிச்சரிவு அறிவித்தல் ஒட்டுவார்கள். ஆபத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை. விருந்தினர்கள் இராசிபலன் பார்ப்பது போல வந்து பார்ப்பார்கள். நான்கு என்றால் உள்ளே இருந்து சீட்டு விளையாடுவார்கள். மூன்று என்றால் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் போவார்கள். வழிகாட்டிப் பெண் என்னிடம் சொல்லுவாள், தனக்கு நான்கைவிட மூன்றுக்குத்தான் பயம் என்று. நான்கில் மலையில் ஆள் இருக்காது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று ஒரு குழல் புட்டை உடையாமல் கோப்பையில் சரித்து வைத்தேன். கடலோரத்தில் ஒரே நாளில் மழையும் பெய்யும், பனியும் பெய்யும் என்றேன். பகல் மழை பெய்து, இரவு உறைந்து மேலே கண்ணாடி போல ஆகும். அடுத்த நாள் அதன்மேல் புதுப் பனி. பிறகு கடலிலிருந்து வரும் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் அடுக்கும். ஆக மலையில் இருப்பது ஒரே பனி அல்ல, இந்தப் புட்டைப் போல அடுக்கு அடுக்காக. மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ. மா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தேங்காய்ப்பூ இருக்கிற இடத்தில் விடும். சொல்லிக்கொண்டே மேலே ஒரு விரலால் தொட்டேன். ஒரு கட்டி அப்படியே கழன்று சொதிக்குள் போனது.

மூன்று பேரும் சொதியைப் பார்த்தார்கள்.

"பாத்தியா?" என்றார் றீற்றா அக்கா மகளிடம்.

"அதைத்தான் நானும் படித்தேன், அதனால்தான் எங்கே தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும்," என்றாள் மெலனி டேனிஷில். அவள் வீட்டில் டேனிஷில்தான் பதில் சொல்லுவாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

"சாப்பாட்டோட விளையாடாத," என்றார் அண்ணை என்னிடம்.

சனிக்கிழமை என்னை ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். காலையில் வெங்காயம் உரிக்கும்போது றீற்றா அக்கா, அங்கே யாராவது செத்தார்களா என்று கேட்டார். செத்திருந்தால் அதைக் கொஞ்சம் பெரிதாக மெலனிக்குச் சொல்ல வேண்டுமாம். மத்தியானம் மெலனி என்னைத் துறைமுகக் குளிப்பிடத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டேனிஷ்காரர்கள் பனிக்கட்டித் தண்ணீரில் தாங்களாகவே இறங்கி, சிவந்து ஏறி, மறுபடியும் இறங்கினார்கள். எங்கள் ஊரில் இதைச் செய்ய வைத்தால் பொலிசுக்குப் போகலாம். அங்கே வைத்து மெலனி, "மாமா, நீங்கள் சும்மா பயமில்லை என்று சொல்லிவிடுங்கள்," என்றாள். தனக்கு இருபத்து மூன்று வயது, விரும்பினால் போகலாம், ஆனால் அப்பா ஓம் சொல்லாமல் போகத் தனக்கு மனமில்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் தமிழில் சொன்னாள்.

இரண்டு பேருக்கும் பார்ப்போம் என்றேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கதை, அது இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு மாலை ஐந்து பேருக்குக் கோப்பை வைத்தேன், நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாமவரைப் பனி மூடிவிட்டது. கூட வந்தவர்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்துவிட்டார்கள், கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். இதைக் கேட்டால் றீற்றா அக்கா "மூடிவிட்டது" என்பதோடு நிறுத்துவார். மெலனி "பத்து நிமிடம்" என்பதிலிருந்து தொடங்குவாள். நான் அந்த ஐந்தாவது கோப்பையைக் கழுவாமல் அலுமாரிக்குள் திரும்ப வைத்ததைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

மாலைப் பூசைக்குக் காரில் போகும்போது அண்ணை என்னோடு தனியாகக் கதைத்தார். அக்காவும் மெலனியும் முன்பே பேருந்தில் போய்விட்டார்கள். அண்ணைக்குப் பெஞ்சமின் என்று ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியும். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, காற்று மாறிய நாளொன்றில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கிடைத்தது. நவம்பரில் மரித்த விசுவாசிகளின் நாளில் ஊர் முழுக்கச் சேமக்காலைக் கல்லறைகளுக்கு மெழுகுதிரியோடு போகும்போது அவர்கள் வீட்டார் மட்டும் கடற்கரைக்குப் போவார்கள். காற்றில் திரி நிற்காது.

அண்ணை கண்ணாடித் துடைப்பானைப் பார்த்துக்கொண்டே, "சாவு வாறது வரட்டும், அது வேற. ஆள் கிடைக்க வேணும்," என்றார். பிறகு, "இவளோட போறவையள் தேடிக் கண்டுபிடிப்பினமோ? அதை நான் கண்ணால பாக்க வேணும். பாத்திட்டுத்தான் சொல்லுவன்."

பார்ப்பதற்கு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெலனியின் குழுவுக்கும் இன்னும் நான்கு பேருக்கும் பனிச்சரிவுப் பயிற்சி, மோல்ஸ் மலைகளில். ஓகூஸிலிருந்து குடாவைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம், நான்கு பேரும் அண்ணையின் காரில் போனோம். மலைகள் என்றுதான் டேனிஷ்காரர்கள் சொல்லுகிறார்கள், வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஏழெட்டுத் தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் உச்சி வந்துவிடும். ஆனால் கடலோரம் என்பது உண்மை. மேலே நின்றால் மூன்று பக்கமும் சாம்பல் நிறத்தில் கடல். வியாழக்கிழமைப் புயல் அங்கேயும் வயலை வாரி, மண்மேட்டு மறைவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தது. நோர்வேயில் பார்த்த அதே வேலைதான், குழந்தைகளுக்குச் செய்து காட்டியது போல.

பயிற்சியாளர் யென்ஸ், ஐம்பது வயதுக்காரர், காதில் உறைபனி கடித்த தழும்பு. அவருடைய காரில் லேடி என்ற கிழட்டு நாய் படுத்திருந்தது. அது வேலைக்கு வரவில்லை, வீட்டில் தனியாக விட முடியாததால் வந்தது. யென்ஸ் எல்லோருக்கும் கருவியைக் காட்டினார். உள்ளங்கை அளவு, கழுத்தில் மாட்டி ஜக்கெற்றுக்குள் வைப்பது. பிப்பர் என்கிறார்கள். சும்மா இருக்கும்போது அது சத்தமில்லாமல் அலை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பிப்பரைத் தேடும் பக்கத்துக்கு மாற்றுவார்கள். அம்புக்குறியும் மீற்றர் எண்ணும் காட்டும். எண் குறையக் குறையக் கிட்டப் போகலாம். கடைசியில் நீண்ட கம்பியால் குத்தி, ஆளில் முட்டியதும் பனி வாரும் சவளால் தோண்டலாம். பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு நம்பிக்கை வேகமாகக் குறையும் என்றார்.

பயிற்சிக்காக வழக்கமாகப் புதைபடுகிற மாணவன் பேருந்து ஓடாததால் வரவில்லை. ஒரு பைக்குள் பிப்பரைப் போட்டுப் புதைக்கலாம் என்று யென்ஸ் சொன்னார்.

அண்ணை தலையை ஆட்டினார். "பையைக் கண்டுபிடிக்கிறது பெரிய வேலையே? ஆளைத் தேடட்டும்."

மெலனி அதை மொழிபெயர்த்தாள். யார் புதைபடத் தயார் என்று யென்ஸ் கேட்டார். எட்டு டேனிஷ்காரர்களும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். அப்போது றீற்றா அக்கா நல்ல டேனிஷில், "இவர் இருப்பார்," என்றார். அந்தச் செய்தி எனக்கும் அப்போதுதான் கிடைத்தது.

பன்றிப் பண்ணையிலும் மீன் தொழிற்சாலையிலும் வேலை செய்தவனுக்குக் குழிக்குள் படுப்பது பெரிய விஷயமில்லை. மண்மேட்டு மறைவில் யென்ஸ் ஏற்கனவே ஒரு குகை வெட்டியிருந்தார். உள்ளே படுக்கைப் பாய், காற்றுக்கு ஒரு குழாய். வாசலைப் பலகையால் மூடி மேலே பனி போடுவார். மூச்சு முட்டினால் காலால் உதைத்தால் பலகை விழுந்துவிடும். மேலே கதைப்பது கீழே கேட்கும், கீழே கதைப்பது மேலே கேட்காது, அதனால் சத்தம் போட்டுப் பயனில்லை என்றும் சொன்னார். என் கழுத்தில் பிப்பரை மாட்டி, கைபேசியை வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு, தேடுகிறவர்களை மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பப் போனார்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் றீற்றா அக்கா என் ஜக்கெற்றைத் திறந்தார்.

"குளிருக்குள்ள வெறும் வயித்தோட படுக்கப்படாது."

மீன் ரோல்ஸ். விடியற்காலையில் எழும்பிப் பொரித்தது. சூடு போகாமல் ஒவ்வொன்றையும் சில்வர் பேப்பரில் சுற்றி, பிறகு மூன்று மூன்றாகச் சேர்த்து மறுபடியும் சுற்றியிருந்தார். ஒரு பொதியைப் பிப்பருக்குப் பின்னால் நெஞ்சோடு வைத்தார், இன்னொன்றை அதற்கு முன்னால். பிப்பர் நடுவில் ஆடாமல் அசையாமல், குளிப்பாட்டித் துணியில் சுற்றிய குழந்தை போல இருந்தது. கடைசியாக அந்தோனியார் பதக்கமொன்றை ஊசியால் உள்ளே குத்தினார்.

"காணாமற்போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவர்," என்றார். "பயப்பிடாத."

நான் பயப்படவில்லை. உள்ளே போய்ப் படுத்தேன், பலகை மூடியது, பனி விழுகிற சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. உள்ளே இருட்டு இல்லை. ஒருவித நீல வெளிச்சம். பனி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். என் வயிறு இரைவதுகூடப் பக்கத்து வீட்டில் யாரோ கதைப்பது போல இருந்தது. நெஞ்சில் ரோல்ஸ் சூடாக இருந்தன. சென்ற வாரம் இந்நேரம் பன்றிகளோடு நின்றேன் என்று நினைத்தபோது முன்னேறியிருப்பதாகவே தோன்றியது. முன்பொதியில் ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டேன். தாளைச் சுருட்டி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

காலடிகள் வந்தன. "இங்கே ஒன்றும் இல்லை," என்றது ஒரு ஆண் குரல். "அம்பு சுற்றுகிறது," என்றது இன்னொன்று. மெலனியின் குரல் தூரத்திலிருந்து ஆட்களை வரிசையாக நிற்கச் சொன்னது. வரிசை என் மேலேயே நடந்து போனது. பனி என் மூக்கில் உதிர்ந்தது.

"ஐந்து நிமிடம்," என்றார் யென்ஸ் மேலே எங்கேயோ.

வரிசை திரும்பி வந்தது. யாருடையதோ பிப்பர் ஒருமுறை கீச்சிட்டு நின்றுபோனது. மெலனி எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னாள். அவள் குரல் மெலிந்திருந்தது. "பத்து," என்றார் யென்ஸ். நான் உள்ளே இருந்து, "பிள்ளை, இஞ்ச," என்று சொல்லிப் பார்த்தேன். குகை அதையும் குடித்தது. அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு ஒருமாதிரி இருந்தது. காலால் உதைக்கலாம், பலகை விழும். ஆனால் உதைத்தால் அவர்கள் கண்டுபிடித்ததாக ஆகாது. உதைக்கவில்லை.

"பதினைந்து."

மேலே காலடிகள் நின்றுவிட்டன. இரண்டு நிமிடம் கழித்து அண்ணையின் குரல் கேட்டது, தமிழில், மெதுவாக.

"அவ்வளவுதானோ?"

அந்த இரண்டு நிமிடத்தை நான் இப்போது பகிடியாக எழுதலாம். உள்ளே படுத்திருந்தபோது அது பகிடியாக இல்லை.

பிறகு நடந்ததை மேலே நின்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அண்ணைக்கு அங்கே நின்று பார்க்க முடியவில்லை. கார்ப் பக்கம் நடந்து போயிருக்கிறார். லேடி கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பாவம், மூத்திரம் போகட்டும் என்று திறந்து விட்டிருக்கிறார். லேடி மூத்திரம் போகவில்லை. மேட்டைச் சுற்றி, எட்டுப் பேருடைய கருவிகளையும் தாண்டி, காற்றுக் குழாயில் மூக்கை வைத்துவிட்டுத் தோண்டத் தொடங்கியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: கூரை இடிந்தது, ஒரு ஈர மூக்கு உள்ளே வந்தது, என் கையிலிருந்த இரண்டாவது ரோல் போனது.

வெளியே இழுத்தார்கள். யென்ஸ் என் பிப்பரைப் பார்ப்பதற்காக ஜக்கெற்றுக்குள் கைவிட்டார். ஒரு பொதி வந்தது. மறுபடி கைவிட்டார். இன்னொரு பொதி வந்தது. இரண்டையும் பனியில் அருகருகே வைத்தார். சுருட்டிய தாள்களையும் பக்கத்தில் வைத்தார். டேனிஷ்காரர்கள் ஏசமாட்டார்கள்.

"இது என்ன?" என்று கேட்டார்.

"மீன் ரோல்ஸ்," என்றார் றீற்றா அக்கா. "இன்னும் இருக்கு, காருக்குள்ள."

யென்ஸ் ஒரு பிப்பரை ரோல்ஸ் பொதிகளுக்கு நடுவில் வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினார். நான்கு அடி வைத்ததும் எண் மறைந்தது. பொதிகளை எடுத்துவிட்டு நடந்தார். வாகனத் தரிப்பிடம் வரைக்கும் எண் இருந்தது. உலோகத் தாள், கைபேசி, காந்தம் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றார். சொக்கலேற் தாளைப் பற்றித்தான் இதுவரை எல்லோரையும் எச்சரித்திருக்கிறாராம். இது அவருக்குப் புதிது. பதக்கத்தைப் பார்த்தார், அது சிறியது, இருக்கட்டும் என்றார்.

எட்டுப் பேரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். பிழை தங்களுடையது இல்லை என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். றீற்றா அக்கா சிரிக்கவில்லை. பனியில் கிடந்த பொதிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவளின்ர ஜக்கெற்றுக்கும் இப்பிடித்தான் வைக்க இருந்தனான்," என்றார். "ஒரு கிழமையா யோசிச்சு வச்சிருந்தன். சொல்லாமல் வைப்பமெண்டு."

மெலனி அம்மாவின் கையைப் பிடித்தாள். யென்ஸ் ஒரு ரோலை எடுத்துக் கடித்தார். ஒரு நிமிடம் மென்றார். பிறகு காருக்குள் இருக்கும் மற்றவை எங்கே என்று கேட்டார். மோல்ஸ் மலையில் பத்து நிமிடம் பனிச்சரிவு நிறுத்தப்பட்டது.

இரண்டாம் தடவை குகையைத் திருத்தி, வேறு பக்கத்தில் வாசல் வைத்து, என்னைத் தட்டித் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். லேடியைக் காரில் பூட்டினார்கள். இந்தத் தடவை நான் ஒழுங்காகப் படுப்பதற்குள் காலடிகள் நேரே வந்தன. "பன்னிரண்டு. ஏழு. மூன்று," என்று மெலனி எண்ணிக்கொண்டு வந்தாள். கம்பி என் தொடையில் முட்டியது. "கிடைச்சிட்டார்," என்றாள், அதையும் தமிழில். ஒரு முட்டை அவியும் நேரம்கூட ஆகவில்லை. சவளால் திறந்த ஓட்டைக்குள்ளால் அண்ணையின் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது காருக்குள் யாரும் அண்ணையின் முடிவைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டு, செய்தியில் காலநிலை பார்த்து, எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார். மெலனி கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது என்று கையை விரித்தேன். றீற்றா அக்கா உலோகமில்லாத பேக்கிங் தாள் சுருளொன்றை மேசையில் வைத்து, அதில் ஒரு ரோலைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அந்த வேளையில்தான் யென்ஸ் தொலைபேசி எடுத்தார். மாணவன் இன்னும் வரமுடியாத இடத்தில் இருக்கிறானாம். நாளையும் அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் வேறு குழுக்கள் வருகின்றன, காலையும் மாலையும் புதைபட முடியுமா என்று கேட்டார். ஒரு தடவை மட்டும் ரோல்ஸோடு படுக்க வேண்டும், எல்லோருக்கும் அதைக் காட்ட விரும்புகிறார். எனக்கு வேறு வேலை இல்லை. வானொலி இருக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார். சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை அண்ணை என்னை இறக்கிவிடுவதாகச் சொன்னார். வேலைக்குப் போகும் வழியிலாம். அவருடைய களஞ்சியம் வீட்டிலிருந்து கிழக்கே பத்து நிமிடம், துறைமுகத்தில். மோல்ஸ் குடாவுக்கு மறுபக்கம். வழியில் காற்று வடமேற்காக மாறியிருக்கிறது என்றார், இனிப் பனி மேட்டின் இந்தப் பக்கம்தான் சேரும் என்றார். தரிப்பிடத்தில் என்னை இறக்கிவிட்டு, காரைத் திருப்பாமல் நிறுத்தினார்.

யென்ஸ் சோதித்துப் பார்த்தார், பிப்பர் மட்டும். உள்ளே போய்ப் படுத்தேன். பலகை, பனி, நீல வெளிச்சம். புதிய வேலைகளில் முதல் நாள் எனக்கு எப்போதும் கொஞ்சம் குழப்பமாக இருக்கும், இதில் அது இல்லை. எங்கே நிற்பது, யாரைக் கேட்பது என்ற பிரச்சினையே கிடையாது.

காலடிகள் வந்தன. டேனிஷ் குரல்கள் வலது பக்கம் போயின. ஒரு ஜோடிக் கால் மட்டும் பின்தங்கி, நின்று நின்று, கனமாக நடந்து வந்து, என் தலைக்கு நேரே மேலே நின்றது. களஞ்சியத்துப் பாதுகாப்புச் சப்பாத்து. அதன் சத்தம் எனக்குத் தெரியும், மூன்று நாளாக வாசலில் கேட்கிறேன்.

"தம்பி சூசை," என்றது மேலேயிருந்து. "கீழ இருக்கிறியே?"

"ஓம் அண்ணை," என்றேன்.

"லீவு போட்டிட்டன். நானும் படிக்கப் போறன் இந்தக் கோதாரியை." பிப்பர் கீச்சிட்டது. "விடிய மெலனிக்குச் சொல்லிப் போட்டன், நோர்வேக்குப் போட்டு வரச் சொல்லி."

"நல்லது அண்ணை," என்றேன்.

அவர் காத்திருந்தார். பனியைச் சப்பாத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சத்தத்தைக் காணேல்லை. இஞ்ச இல்லைப் போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையிலிருந்த கருவியைப் பார்க்காமல், கடல் பக்கமாக நடந்து போனார். நான் கைகளைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டேன். பதினைந்து நிமிடம் இருக்கிறது, கற்றுக்கொள்ளட்டும்.